சுவடிக் கட்டும் கைத்துப்பாக்கியும்

ரிஷிவந்தியத்திலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால், தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர் நிற்கிறது. மலையமான்கள் ஆண்ட ஊர் அது. கபிலர் உயிர்நீத்ததாகச் சொல்லப்படும் குன்றும் அங்கேதான் ஆற்றின் நடுவே இருக்கிறது. அவ்வூர் அரசராக விளங்கிய மெய்ப்பொருள் நாயனாரின் வரலாற்றைச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் பாடி வைத்தார். அடியார் வரலாறாகவே நாம் அதைப் படித்து வந்திருக்கிறோம். மறைத்து எடுத்துச் செல்லப்பட்ட ஓர் ஆயுதத்தின் வரலாறாகவும் அதைப் படிக்க இடமுண்டு.

முத்தநாதன் என்னும் பகையரசன் மெய்ப்பொருளாரோடு போர்க்களத்தில் பலமுறை பொருதித் தோற்றான். யானையும் குதிரையும் படையும் இழந்தான். வாளும் வேலும் தனக்கு உதவா என்று கண்டபின் அவன் வேறோர் ஆயுதத்தைத் தேர்ந்தான். அது சிறியதொரு கத்தி. மேனி முழுதும் நீறு பூசி, சடைமுடி கட்டி, கையில் சுவடிக் கட்டு ஒன்றை ஏந்தி, அக்கட்டினுள்ளே கத்தியை ஒளித்துக்கொண்டு கோவலூருக்குள் புகுந்தான். வாயில்கள் தோறும் காவலர் வணங்கி வழிவிட்டனர். கடைசி வாயிலில் நின்ற தத்தன் மட்டுமே, மன்னர் துயில்கிறார், சமயமறிந்து செல்லவேண்டும் என்று தடுத்துப் பார்த்தான். அவனையும் கடந்து சென்ற வேடதாரியை அரசர் உயர்ந்த இருக்கையில் அமர்த்தித் தாம் தரையில் அமர்ந்தார். யாருமறியாத ஆகமப் பொருளை உரைக்கப்போவதாக அவன் சொல்லவே, தேவியையும் அப்பால் அனுப்பிவிட்டுத் தலைதாழ்த்தி வணங்கினார். அப்போதுதான் சுவடிக் கட்டு அவிழ்ந்தது.

ஓடிவந்த தத்தன் வாளை ஓங்கியபோது, வீழ்கின்ற அரசர் அவனைத் தடுத்து, இவர் நம்மவர் என்று கூறி, ஊர் எல்லைவரை பாதுகாப்பாகக் கொண்டுபோய் விட்டுவரப் பணித்தார் என்பது கதையின் முடிவு. அம்முடிவைப் பற்றி அறிஞர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். இக்கட்டுரையின் நாட்டம் கதையின் முற்பகுதியில் இருக்கிறது. முத்தநாதன் எதை வைத்துத் தன் ஆயுதத்தைத் தேர்ந்தான்? அது சுவடிக் கட்டுக்குள் அடங்கவேண்டும். ஒரே அசைவில் கைக்கு வரவேண்டும். கைநீளத் தொலைவில் வேலையை முடிக்கவேண்டும். ஆக மூன்று கணக்குகள். அதற்கும் மேலாக நான்காவது ஒன்றும் இருந்தது. அதை அவன் கத்தியில் தேடவில்லை, வேடத்தில் தேடினான். கைநீளத் தொலைவுக்குத் தன்னை யாரேனும் நம்பி அழைத்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் ஐரோப்பிய, அமெரிக்கத் தொழிற்சாலைகள் சட்டைப்பைக்கென்று கைத்துப்பாக்கி வடித்தபோது, முதல் மூன்று கணக்குகளைத் துல்லியமாகத் தீர்த்துவைத்தன. நான்காவதை வாங்குபவரிடமே விட்டுவிட்டன.

ரிஷிகள் வந்து வணங்கியதால் ரிஷிவந்தியம் என்று பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் இவ்வூர், அர்த்தநாரீசுவரர் கோயிலால் அறியப்படுவது. ஆயினும் இதைச் சூழ்ந்த நிலம் ஆயுதம் அறியாததன்று. தெற்கே தியாகதுருகத்துக் குன்றின்மேல் கோட்டை இருக்கிறது. 1760-ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலேயர், பிரஞ்சுக்காரர், மைசூர்ப் படையினர் ஆகிய மூவர் கண்ணும் அதன்மேல் இருந்தன. மேற்கே, கோமுகி அணைக்கு அப்பால், கல்வராயன் மலைத்தொடர் எழுகிறது. கிழக்கே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் புதுச்சேரிக் கடல். இந்த மேற்கும் கிழக்கும் இரண்டு விதமான துப்பாக்கிகளைத் தமிழ்நாட்டு வரலாற்றுக்குத் தந்தன.

மேற்கின் துப்பாக்கி நீளமானது. மலையாளி என்று அழைக்கப்படும் கல்வராயன் மலைமக்கள், தம் முன்னோர் காஞ்சிப் பகுதியிலிருந்து மலையேறியவர்கள் என்று தம் வாய்மொழி மரபில் சொல்லிக்கொள்பவர்கள். தினையும் சாமையும் பயிரிட்ட அம்மலையில் காட்டுப்பன்றி விரட்டுவதற்கும் வேட்டைக்கும் நாட்டுத் துப்பாக்கி இருந்து வந்தது. குழல் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, ரவையிட்டு, கோலால் இடித்துக் கெட்டிப்படுத்திச் சுடவேண்டிய ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. ஆளின் தோள் உயரத்துக்கு வரும். ஒருமுறை சுட்டால் மறுமுறை சுடுவதற்குள் பன்றி அடுத்த கொல்லைக்குப் போய்விடும்! அதை மறைத்துக்கொண்டு நடக்க ஒருவராலும் இயலாது. யார் வீட்டில் துப்பாக்கி உண்டு என்பது ஊருக்கே தெரியும். ஊரறிந்த ஆயுதத்துக்கு ஊரின் கட்டுப்பாடும் உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கிழக்கின் துப்பாக்கியைப் பற்றிப் பேசுமுன், அது ஏன் மறைந்து வரவேண்டியதாயிற்று என்பதைச் சொல்லியாகவேண்டும். பாளையக்காரர் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதை அடுத்து, 1801-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்னாட்டுப் பாளையங்களில் கோட்டைகள் இடிக்கப்படும், மக்கள் படைக்கலங்களை ஒப்படைக்கவேண்டும், மீறினால் கடுந்தண்டனை என்பது அதன் சாரம். வட இந்தியா முழுதும் ஆயுதம் பறிக்கப்படுவதற்கு இரண்டு தலைமுறைக்கு முன்பே தென்தமிழகம் வெறுங்கையாக்கப்பட்டது. பின்னர் 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்தல் குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கோ அக்கட்டாயத்திலிருந்து விலக்கு இருந்தது. தோலின் நிறத்தைப் பார்த்துத் துப்பாக்கி கொடுத்த அவ்விதிகள் 1920-இல்தான் திருத்தப்பட்டன.

இந்த அவமானம் எவ்வளவு ஆழமாகத் தைத்தது என்பதற்கு ஒரு சான்று போதும். 1930 ஜனவரி இறுதியில், உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு முன்னர், காந்தியடிகள் வைசிராய் இர்வின் பிரபுவின் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்ள மக்கள் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட உரிமம் வழங்கவேண்டும் என்பதும் ஒன்று. அகிம்சையின் தூதரே கேட்ட உரிமை அது. 1931-இல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்திலும் ஆயுதம் தாங்கும் உரிமை இடம்பெற்றது. தற்காப்புக்குத் துப்பாக்கி வேண்டுவோரைக் கொலைவெறியர் என்று எள்ளி ஒதுக்குவது எளிது. அடிகளை அவ்வாறு ஒதுக்க முடியாது.

அச்சமயத்தில் மேனாட்டுத் தொழிற்சாலைகளில் என்ன நடந்துகொண்டிருந்தது? கைத்துப்பாக்கியைச் சிறிதாக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஹென்றி டெரிஞ்சர் செய்த உள்ளங்கைத் துப்பாக்கிகள் ஒரே ஒரு குண்டு சுடுபவை. கனவான்கள் வழிப்பறிக்கு அஞ்சிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். 1865 ஏப்ரல் 14-ஆம் நாள், புனித வெள்ளி இரவில், வாஷிங்டன் நகர நாடக அரங்கில் ஜான் வில்க்ஸ் பூத் என்ற நடிகர் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனைப் பின்னாலிருந்து சுட்டது அத்தகைய ஒன்றால்தான். பூத் அந்த அரங்குக்கு நன்கு பழகியவர். ஆகவே மாடியேறிச் சென்றவரை யாரும் சந்தேகிக்கவில்லை. கோவலூரின் வாயிற்காவலர் நம் நினைவுக்கு வருகின்றனர்.

ஒரு குண்டு போதாது என்போர் சுழல்துப்பாக்கியை, அதாவது ரிவால்வரை, நாடினர். அதில் ஐந்தாறு குண்டுகள் உண்டு. ஆனால் அவற்றைத் தாங்கும் உருளை இடுப்பில் துருத்திக்கொண்டு நிற்கும். இச்சிக்கலைத் தீர்த்தவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங். குண்டுகளை உருளையில் வட்டமாக வைப்பதற்குப் பதில், கைப்பிடிக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ஒரு குண்டு வெடிக்கும் விசையாலேயே அடுத்த குண்டு குழலுக்குள் ஏறிக்கொள்ளும் பொறியமைப்பையும் வகுத்தார். துப்பாக்கி தட்டையாயிற்று. பெல்ஜியம் நாட்டு லியேஜ் நகரை அடுத்த ஹெர்ஸ்டலில் உள்ள எஃப்.என். தொழிற்சாலை 1900-ஆம் ஆண்டுக் கணக்கில் வெளியிட்ட அவரது முதல் மாதிரி, 17 சென்டிமீட்டர் அளவே நீளம், ஏறத்தாழ 600 கிராம் எடை, ஏழு தோட்டாக்கள். அதற்கென 7.65 மில்லிமீட்டர் விட்டத்தில் புதுத் தோட்டா ஒன்றையும் அவர் வடிவமைத்தார். 1906-இல் வந்த இன்னொரு மாதிரி இடுப்புச்சட்டையின் சிறு பைக்குள்ளேயே அடங்கிவிடும், நீளம் 11 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், தோட்டா 6.35 மில்லிமீட்டர். 1910-இல் வந்த மாதிரி, பையிலிருந்து உருவும்போது துணியில் மாட்டிக்கொள்ளும் முனைகளையெல்லாம் மழித்துக் கூழாங்கல்போல் வழுவழுப்பாக வந்தது.

எண்களை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறிய துப்பாக்கியை நாடும் ஒருவர் ஒவ்வொன்றாக எதை விட்டுக்கொடுக்கிறார் என்பது இவ்வெண்களில் தெரிகிறது. குழல் குறுகக் குறுகக் குறி தவறும். எடை குறையக் குறையக் கையில் உதறல் மிகும். தோட்டா சிறுக்கச் சிறுக்க அதன் வலு குன்றும். தொலைவிலிருந்து வரும் பகையை நிறுத்த இவை எதற்கும் ஆற்றல் போதாது. சில முழத் தொலைவில், எதிரே நிற்பவர் எதிர்பாராதபோது மட்டுமே இவற்றின் வலிமை முழுமை பெறுகிறது. தற்காப்புக்கென்று விற்கப்பட்ட ஒரு பொருளின் உள்ளமைப்பு, எதிர்பாராத தாக்குதலுக்கே மிகப் பொருந்தி அமைந்தது. செய்தவர்கள் இதைக் கருதிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வரலாற்றில் அது பயன்பட்ட விதத்தைப் பார்த்தே சொல்கிறேன்.

பிரௌனிங் துப்பாக்கி இந்தியாவுக்குள் வந்த கதை லண்டன் மாநகரில் தொடங்குகிறது. அக்காலத்தில் அங்கே பத்து ஷில்லிங் கட்டி அஞ்சலகத்தில் உரிமம் பெற்ற எவரும் கைத்துப்பாக்கி வாங்கலாம். சொந்த நாட்டில் துப்பாக்கியைத் தொட முடியாத இந்திய மாணவர்கள், தம்மை ஆளும் நாட்டின் தலைநகரில் கடையேறி வாங்கினர்! மதன்லால் திங்ரா அப்படி வாங்கி, துப்பாக்கி சுடும் கூடத்தில் பயின்று, 1909 ஜூலை 1-ஆம் நாள் கர்சன் வைலியைச் சுட்டார்; குறுக்கே வந்த பார்சி மருத்துவர் லால்காகாவும் மாண்டார். அதே ஆண்டில் சாவர்க்கர், இந்தியா ஹவுஸின் சமையற்காரர் சதுர்புஜ் அமீன் வழியாக, பெட்டியின் இரட்டை அடித்தளத்தில் ஒளித்து இருபது பிரௌனிங் துப்பாக்கிகளை இந்தியாவுக்கு அனுப்பினார். டிசம்பர் 21-ஆம் நாள் நாசிக் நகரில், பிரிவுபசார நாடகம் பார்க்க வந்த கலெக்டர் ஜாக்சனை அனந்த் கன்ஹரே சுட்டது அவற்றில் ஒன்றால். ஜாக்சன் வடமொழி கற்றவர். நகரத்தார் பலருக்கு வேண்டியவர். நாடக அரங்குக்குக் காவலின்றி வந்ததற்கு அதுவே காரணம்.

அந்த லண்டன் வட்டத்தில் இருந்த தமிழர் திருச்சி வரகனேரியைச் சேர்ந்த வ.வே.சு. ஐயர். பாரிஸ்டர் பட்டத்துக்குப் படிக்கச் சென்றவர். 1910-இல் போலீசார் வலை வீசியபோது சீக்கியர் வேடம் பூண்டு தப்பினார் என்றும், பெட்டியின்மேல் இருந்த தம் பெயரின் முதலெழுத்துகளுக்கு ஏற்ப ஒரு சீக்கியப் பெயரைச் சொல்லிச் சமாளித்தார் என்றும் கூறுவர். அவ்வாண்டே அவர் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பிரஞ்சு ஆட்சிப் பகுதியில் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது. பாரதியாரும் அரவிந்தரும் அதற்கு முன்பே அங்கே அடைக்கலம் புகுந்திருந்தனர். வீதிக்கு வீதி ஆங்கிலேய ஒற்றர்கள் காவலிருந்தனர். 1879 முதல் விழுப்புரத்திலிருந்து புகைவண்டி வேறு. எல்லையின் இப்புறம் குற்றமாக இருந்த பொருள் அப்புறம் சாமானாக இருந்தது. நடுவே சுங்கச்சாவடி ஒன்றுதான்.

செங்கோட்டை வாஞ்சிநாதன் திருவிதாங்கூர்ப் பகுதிப் புனலூரில் வனத்துறையில் பணியாற்றியவர். விடுப்பில் புதுச்சேரி வந்து ஐயரிடம் துப்பாக்கி சுடப் பயின்றார் என்பதே வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் முடிவு. 1911 ஜூன் 17-ஆம் நாள் காலை, திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ் மனைவியுடன் மணியாச்சி நிலையத்தில் வண்டிப்பெட்டியில் அமர்ந்திருந்தார். கொடைக்கானலில் இருந்த தம் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்பட்ட பயணம். தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலோடு பெட்டியை இணைப்பதற்காகக் காத்திருந்த சில நிமிடங்கள் அவை. மணி பத்தரை கடந்திருந்தது. வாஞ்சி பெட்டிக்குள் ஏறினார். பெல்ஜியம் நாட்டுப் பிரௌனிங் தானியங்கித் துப்பாக்கியால் நெருங்கி நின்று சுட்டார். பிறகு நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடி, அதே துப்பாக்கியைத் தம் வாய்க்குள் வைத்து மாய்ந்தார்.

ஆஷின் பங்கு, வ.உ.சிதம்பரனாரின் கப்பல் நிறுவனம் நசுக்கப்பட்டதில் அவருக்கிருந்த பொறுப்பு, 1908-ஆம் ஆண்டுத் திருநெல்வேலிக் கலகம் ஆகியன பற்றி நிறைய நூல்கள் வந்துள்ளன. அவற்றை இங்கே திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் நாட்டுப்பற்றோடு சனாதனப் பற்றும் சாதி இழிசொல்லும் கலந்திருந்தன என்பதையும், அதுபற்றிய விவாதம் இன்றுவரை ஓயவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்தச் சில நொடிகளில் பொன்னம்மாள், மேரி ஆஷ் என்ற இரண்டு பெண்கள் கைம்பெண்களானார்கள். ஆஷ் பாளையங்கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டார். மணியாச்சிச் சந்திப்பு இன்று வாஞ்சி மணியாச்சி எனப்படுகிறது.

இவ்விடத்தில் ஒப்புநோக்கத் தக்க ஒரு நிகழ்ச்சி வங்கத்தில் நடந்தது. 1914 ஆகஸ்டில் கல்கத்தாவின் ரோடா நிறுவனத்துக்கு வந்த சரக்கிலிருந்து 50 மாசர் துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் புரட்சியாளர் கவர்ந்தனர். மாசர் பெரியது, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர், அதன் மர உறையே தோள்கட்டையாகவும் பயன்படும். ஒளித்து நெருங்குவதற்கு அது வாய்ப்பானதன்று. 1915 செப்டம்பரில் பாலசோரில் ஜதீந்திரநாத் முகர்ஜியும் நால்வரும் பதுங்குகுழியிலிருந்து போலீசாரோடு நேருக்கு நேர் பொருதியபோது அவர்கள் கையில் இருந்தவை மாசர்களே. பெரிய துப்பாக்கி பகைவனை எதிரே நிறுத்தியது. ஆயுதத்தின் அளவு போரின் இயல்பையும் தீர்மானிக்கிறது போலும்.

ஐயரிடம் திரும்புவோம். மணியாச்சிக்குப் பிறகும் அவர் ஆண்டுக்கணக்கில் புதுச்சேரியிலேயே இருந்தார். 1916-இல் அவருடைய திருக்குறள் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. இன்றும் மதிக்கப்படும் மொழிபெயர்ப்பு அது. கூடாநட்பு என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், பகைவர் தம்மை நோக்கிக் கூப்பும் கைகளையும் நம்பவேண்டாம், அவற்றுள்ளும் படைக்கலம் பதுங்கியிருக்கக் கூடும் என்று எச்சரிக்கும் குறள் ஒன்று உண்டு. அதையும் ஐயர்தாம் ஆங்கிலமாக்கினார். மறைத்து வைத்த துப்பாக்கியைக் கையாளக் கற்றுக்கொடுத்தவர் அக்குறளின் முன் எவ்வளவு நேரம் அமர்ந்திருந்தாரோ! அதன்பின் அவர் வாழ்வு வேறு தடத்தில் சென்றது. சென்னையில் தேசபக்தன் ஆசிரியரானார். பெல்லாரிச் சிறையில் கம்பராமாயண ஆராய்ச்சி எழுதினார். சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தி, தனிப்பந்திச் சர்ச்சையில் சிக்கினார். 1925 ஜூன் 3-ஆம் நாள் பாபநாசம் அருவியில் தம் மகளைக் காப்பாற்ற முயன்று தாமும் மறைந்தார்.

பிரௌனிங்கின் 1910-ஆம் ஆண்டு மாதிரி 1914 ஜூன் 28-இல் சரயேவோ நகரில் பிரின்சிப் என்ற இளைஞன் கையிலிருந்து ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் சாய்த்ததும், உலகப்போர் மூண்டதும் யாவரும் அறிந்ததே.

1948 ஜனவரி 30. டெல்லி பிர்லா மாளிகையின் பிரார்த்தனைத் திடல். கோட்சேயிடம் இருந்தது இத்தாலி நாட்டுப் பெரெட்டா. 1934-ஆம் ஆண்டு மாதிரி. 15 சென்டிமீட்டர் நீளம். குவாலியரில் சில நாள் முன்னர்தான் கைக்கு வந்தது. ஜனவரி 20-ஆம் நாள் அதே இடத்தில் வெடிகுண்டு வைத்தும் முயற்சி தோற்றிருந்தது. அதற்குப் பின்னும், வருவோரைச் சோதனையிட அடிகள் இசையவில்லை. பிரார்த்தனைக்கு வருபவரைச் சோதித்தல் அவருக்கு ஒவ்வாத செயல். கூட்டத்தில் முன்வந்த கோட்சே கைகூப்பி வணங்கிவிட்டுச் சுட்டான் என்று பதிவாகியிருக்கிறது. மூன்று குண்டுகள். உரிமம் பெற்றுத் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையை 1930-இல் கேட்ட அதே மனிதர், தாம் எந்தக் காவலும் வைத்துக்கொள்ளாமல் வீழ்ந்தார். கோவலூர் மன்னர் தத்தனைத் தடுத்ததையும் இதையும் சேர்த்து எண்ணாமல் இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் நம் தலைமுறையின் நினைவில் நிற்பது வேறொரு நாள். 1967 ஜனவரி 12-இல் எம்.ஜி.ஆரின் ராமாவரம் தோட்ட இல்லத்துக்கு, அவரோடு பல படங்களில் நடித்த எம்.ஆர்.ராதா, படத்தயாரிப்பாளர் ஒருவரோடு விருந்தினராக வந்தார். பேச்சின் நடுவே துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு தங்கியது, ராதாவும் காயமுற்றார், நீதிமன்றம் ராதாவைத் தண்டித்தது. கழுத்துக் கட்டுடன் எம்.ஜி.ஆர். அமர்ந்திருந்த சுவரொட்டி அவ்வாண்டுத் தேர்தலில் ஊர்தோறும் ஒட்டப்பட்டது. அவர் குரல் பழைய குரலாக மீளவேயில்லை. இங்கும் காவலைக் கடக்க வேண்டிய தேவை ராதாவுக்கு இருக்கவில்லை. நண்பருக்கு வாயில் திறந்தே இருந்தது.

இன்றைய சட்டநிலை என்ன? 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி விரும்பும் குடிமகனுக்கு, மேனாட்டார்போல் நூறு மாதிரிகளைப் பரப்பிவைத்துப் பொறுக்கும் வாய்ப்பில்லை. படையினரும் போலீசாரும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் போன்ற அளவுகள் தடைசெய்யப்பட்டவை. பெரும்பாலோர்க்கு எஞ்சுவது 0.32 அங்குல அளவு. அந்த அளவில் செய்யப்படும் தானியங்கிக் கைத்துப்பாக்கி எத்தோட்டாவை ஏற்கிறது தெரியுமா? நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் பிரௌனிங் வடிவமைத்த அதே 7.65 மில்லிமீட்டர்த் தோட்டாவைத்தான். காரணம் காட்டி மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கவேண்டும், போலீசார் விசாரிப்பார்கள், 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி பயிற்சிச் சான்றும் தேவை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டுக்குமேல் வைத்துக்கொள்ள முடியாது.

2014-இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ஒரு சிறு சுழல்துப்பாக்கியை வெளியிட்டது. 2012 டிசம்பரில் டெல்லியில் கொடுமைக்குள்ளான மாணவியை நினைவூட்டும் வகையில் அதற்கு நிர்பீக் என்று பெயரிட்டார்கள். எடை 500 கிராம், கைப்பைக்குள் அடங்கும், விலை ஏறத்தாழ 1,22,000 ரூபாய், நகைப்பெட்டி போன்ற செந்நிறப் பேழையில் வைத்துக் கொடுத்தார்கள். அஞ்சி நடப்பவருக்குத் துணை வேண்டும் என்ற எண்ணம் இழிவானதன்று. எனினும் அப்பேழையைப் பற்றிப் படித்தபோது, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் கரும்பை வெட்டிவிட்டு இருட்டியபின் ரிஷிவந்தியம் பக்கத்து ஊர்களுக்கு நடந்து திரும்பும் பெண்களே என் மனத்தில் தோன்றினர். பல ஆண்டுக் கூலியைச் சேர்த்தாலும் அவ்விலைக்கு எட்டாது. எட்டினாலும், பெண்ணுக்குக் கொடுமை செய்பவன் பெரும்பாலும் முன்பின் அறியாதவனாகவா இருக்கிறான்? வீட்டுக்குள் நடமாடும் உறவினனாக, வேலை கொடுப்பவனாக, நாளும் வணக்கம் சொல்பவனாக இருக்கும்போது, கைப்பையை எந்த நொடியில் திறப்பது?

மேற்கே மலைக்கு வருவோம். கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆதிக்கம் 1976-இல்தான் சட்டப்படி முடிவுக்கு வந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து! அதன்பின் அம்மக்கள் சாலைக்கும் பள்ளிக்கும் பட்டாவுக்கும் அலைந்த கதை நீளமானது. 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதால் ஆட்சியர் அலுவலகம் சற்று அருகில் வந்திருக்கிறது. பயிரைக் காட்டு விலங்கிடமிருந்து காக்கும் பொருட்டு நீள்துப்பாக்கிக்கு உரிமம் தரச் சட்டத்திலேயே இடமுண்டு. ஆனால் விண்ணப்பம், விசாரணை, சான்று, புதுப்பித்தல் என்று மலையேறி இறங்கி அதைப் பெறக்கூடியவர் எத்தனை பேர்? ஆகவே மலைத்துப்பாக்கி பெரும்பாலும் உரிமமற்ற துப்பாக்கியாகவே இருந்து வருகிறது. அதனால் விபத்து நேர்வதும் உண்டு. வேட்டைத் தகராறில் உயிர் போவதும் உண்டு. அவற்றை மூடிமறைத்துப் பேசுவது நேர்மையாகாது. குறிப்பிட்ட நாளுக்குள் கொண்டுவந்து ஒப்படைத்தால் வழக்கில்லை என்று போலீசார் அவ்வப்போது மலையூர்களில் அறிவிக்கின்றனர். அறிவிப்புக்குப்பின், ஊர்ப் பொதுவிடத்தில் துப்பாக்கிகள் கிடக்க, அதிகாரிகள் வந்து எடுத்துச் செல்கின்றனர். யார் வைத்தார் என்று யாரும் கேட்பதில்லை.

தேர்தல் அறிவிக்கப்பட்டதும், உரிமம் பெற்றோர் தத்தம் கைத்துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்கின்றனர். தேர்தல் நடைமுறைகள் முடிந்தபின் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறுகின்றனர். மலையில் விட்டுச்செல்லப்பட்ட துப்பாக்கிகளுக்கு ரசீது கிடையாது.